நலம்விரும்பியின் கையெழுத்து

என் அப்பா தபால்காரர். மன்னார்குடிக்குத் தெற்கே எங்கள் கிராமத்துக்கும் அதைச் சுற்றியிருந்த நாலு ஊர்களுக்கும் அவர்தான் சைக்கிளில் தபால் கொண்டுபோவார். கடைத்தெரு வீடு ஒன்றின் முன்னறைதான் தபாலாபீஸ். பள்ளி விடுமுறை நாட்களில் நானும் அங்கே போய் உட்கார்ந்துகொள்வேன். பை வந்ததும் அப்பா கட்டைப் பிரித்துத் தெருவாரியாக அடுக்குவார். முகவரியை உரக்கப் படித்துச் சொல்வது என் வேலை.

உறையைப் பார்த்தாலே உள்ளே இருப்பது அப்பாவுக்குத் தெரிந்துவிடும். மூலையில் மஞ்சள் தடவியிருந்தால் கல்யாணம். கறுப்பு மை பூசியிருந்தால் கருமாதி. அனுப்புநர் இடம் காலியாக, எழுத்துகள் ஸ்கேல் வைத்து வரைந்ததுபோல விறைப்பாக, முத்திரை வேறு ஊருடையதாக இருந்தால் அதை எடுத்துக் கட்டின் அடியில் வைப்பார். அது மொட்டைக் கடிதம். சிலவற்றில் ஸ்டாம்பும் இருக்காது. ஸ்டாம்பு ஒட்டாத தபாலுக்கு, பெறுபவர் இரண்டு மடங்கு கட்டணம் கொடுக்க வேண்டும். அந்தக் காசை வசூலிக்க வேண்டியிருப்பதால் தபால்காரர் அதை வாசலில் போட்டுவிட்டு வர முடியாது. கையில்தான் கொடுத்தாக வேண்டும். கடிதம் தவறாமல் போய்ச் சேர அது ஒரு வழி. தங்கள் குடியைக் கெடுக்க வந்த காகிதத்தைக் காசு கொடுத்து வாங்கிய வீடுகள் எங்கள் ஊரில் உண்டு.

“தெரிஞ்சே ஏம்ப்பா கொண்டுபோய்க் குடுக்கிறீங்க?” என்று ஒருமுறை கேட்டேன்.

“மொட்டைக் கடுதாசிக்கும் மணியார்டருக்கும் ஒரே பைதாண்டா. பிரிச்சுப் பார்க்க நான் யாரு?” என்றார்.

கூரை இல்லாத மாடி மொட்டை மாடி. கட்டி முடிக்காத கோபுரம் மொட்டைக் கோபுரம். முன்பின் விவரம் சொல்லாத பேச்சு மொட்டைப் பேச்சு. கையெழுத்து இல்லாத கடிதத்துக்கும் நம் ஆட்கள் அதே சொல்லைத்தான் வைத்தார்கள். கையெழுத்துக்கு இடம் காகிதத்தின் அடியில். ஆனால் அதைத்தான் கடிதத்தின் தலையாக அவர்கள் நினைத்திருக்கிறார்கள். தலை இல்லாதது நடமாடினால் அதை என்னவென்று சொல்வது?

1974இல் நான் எட்டாம் வகுப்பு. எதிர்வீட்டில் ஒரு அக்கா இருந்தார். எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டுத் தையல் பழகிக்கொண்டிருந்தார். என் எழுத்தைத் திருத்தியவர் அவர்தான். இரட்டைக் கோடு நோட்டில் என் கையைப் பிடித்து எழுதவைப்பார். அவருடைய ழகரம் தனி அழகு. கீழே இறங்கும் வாலை அப்படியே விட்டுவிடாமல், இன்னொரு சுழி உள்ளே இழுத்து முடிப்பார். “இறங்கிப் போனாலும் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்கணும்டா” என்பார். அந்தச் சுழி என் கைக்கும் வந்துவிட்டது. எழுத்து முத்துமுத்தாக இருக்கிறதென்று தெருவில் பலர் என்னைக் கூப்பிட்டுக் கடிதம் எழுதச் சொல்வார்கள். சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்கு, மெட்ராஸில் படிக்கும் பேரனுக்கு, விவாகரத்தாகாமலே பிரிந்துபோன கணவனுக்கு என்று எத்தனையோ பேரின் வாயாக இருந்தேன்.

தெருமுக்கில் ஒரு பெரியவர். மாமா என்று கூப்பிடுவோம். கோயில் கணக்கு அவரிடம்தான். பஞ்சாயத்துக்கு அவர் வந்தால் இரண்டு தரப்பும் எழுந்து நிற்கும். ஒரு மத்தியானம் அவர் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, புதுப் பேனா ஒன்றைக் கையில் கொடுத்தார்.

“என் எழுத்து ஊருக்கே தெரியும் தம்பி. நீ எழுது. நல்ல காரியம், யார்கிட்டயும் சொல்லாதே.”

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். பாதிச் சொற்களுக்கு எனக்கு அர்த்தம் தெரியவில்லை. பட்டுக்கோட்டைப் பக்கத்து விலாசம் ஒன்று வந்தது. பிறகு அக்காவின் பெயர் வந்தது. பேனா நின்றது.

“அக்காவைப் பத்தியா மாமா?”

“அந்தப் பொண்ணு நல்லா இருக்கணும்னுதான். எழுது.”

எழுதினேன். தையல் கடைக்காரரோடு சேர்த்து, சினிமாக் கொட்டகையோடு சேர்த்து, இன்னும் என்னென்னவோ. கடைசியில், இப்படிக்கு உங்கள் நலம்விரும்பி.

“நலம்விரும்பின்னு போட்டா அது பேராகுமா மாமா?”

“பேரு எதுக்கு? விஷயம்தானே முக்கியம்.”

உறையை அவரே ஒட்டினார். மறுநாள் தஞ்சாவூருக்குப் பஸ் ஏறிப்போய், ரயில் நிலையத்துப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தார் என்று பின்னால் ஊகித்தேன். பேனாவை என்னிடமே விட்டுவிட்டார். அரையாண்டுத் தேர்வை அந்தப் பேனாவில்தான் எழுதினேன்.

பன்னிரண்டு நாள் கழித்துப் பட்டுக்கோட்டையிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். நிச்சயம் ஆன கல்யாணம் நின்றது. ஜாதகத்தில் ஏதோ சரியில்லை என்று முதலில் சொன்னார்கள். அக்காவின் அப்பா விடாமல் கேட்கவே, வந்தவர்களில் ஒருவர் சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்துத் திண்ணையில் போட்டார். அவர்கள் போனபின் அக்கா அதை எடுத்துப் பார்த்தார். நிதானமாக, இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி எங்கள் திண்ணையைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன்.

அக்காவுக்கு அடுத்த வரன் அமையப் பதினொரு வருஷம் ஆனது. முப்பது வயதில், மனைவியை இழந்த ஒருவருக்கு இரண்டாம் தாரமாகத் திருச்சிக்குப் போனார்.

அந்தப் பதினொரு வருஷமும் நான் என்னிடம் சொல்லிக்கொண்டது ஒன்றுதான்: சொன்னவர் மாமா, நான் வெறும் கை. மாமாவும் தன்னிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அவர் பேனாவைத் தொடவே இல்லையே. எழுதியவன் சொல்லவில்லை, சொன்னவர் எழுதவில்லை. அந்தக் கடிதத்தை எழுதியவர் என்று உலகத்தில் ஒருவருமே இல்லாமல் போனார்.

பெயரை மறைத்தால் மனிதன் ஏன் மாறிப்போகிறான் என்பதை ஆசிரியர் வேலைக்கு வந்தபிறகு புத்தகங்களில் தேடிப் படித்திருக்கிறேன். 1976இல் எட் டீனர் என்ற உளவியல் அறிஞரும் அவருடைய சகாக்களும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில், ஹாலோவீன் இரவன்று வேஷம் போட்டுக்கொண்டு வீடுவீடாக மிட்டாய் கேட்டு வந்த 1,352 குழந்தைகளை 27 வீடுகளில் மறைவாகக் கவனித்தார்கள். “ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டு வீட்டுக்காரப் பெண் உள்ளே போய்விடுவார். சில குழந்தைகளிடம் மட்டும் முதலிலேயே பெயரும் வீடும் கேட்டுவைத்தார்கள். பெயர் கேட்கப்பட்டுத் தனியாக வந்த குழந்தைகளில் நூற்றுக்குச் சுமார் 8 பேர் கூடுதலாக எடுத்தார்கள். பெயர் கேட்கப்படாமல் கூட்டமாக வந்த குழந்தைகளில் 57 பேர்.

இரண்டு வகையிலும் இருந்தவர்கள் அதேபோன்ற குழந்தைகள்தான். மிட்டாயும் அதே மிட்டாய். பெயர் கேட்கப்படவில்லை என்பதும், பக்கத்தில் இன்னும் நாலு கைகள் இருந்தன என்பதும்தான் வித்தியாசம். பெயர் மறைந்ததால் மட்டும் அந்தக் கணக்கு அவ்வளவு உயர்ந்துவிடவில்லை. பழியைப் பங்குபோட ஆள் கிடைத்தபோதுதான் உயர்ந்தது. மாமாவின் வீட்டில் நாங்கள் இருவர் இருந்தோம். அதுவே போதுமான கூட்டம்.

1982இல் அப்பாவின் பேரிலேயே ஒரு மொட்டை மனு போனது. தபால்களைப் பிரித்துப் படிக்கிறார், மணியார்டரில் கை வைக்கிறார் என்று. எந்தக் காகிதத்தையும் பிரித்துப் பார்க்காமல் கொண்டுபோய்ச் சேர்த்த மனிதரைப் பற்றி! மூன்று மாதம் விசாரணை நடந்தது. வீடுவீடாக வந்து கேட்டார்கள். ஒரு தவறும் கண்டுபிடிக்கப்படவில்லை. ஆனால் விசாரணை நடந்தது என்பதே ஊருக்குப் போதுமானதாக இருந்தது. அதற்குப் பிறகு அப்பா மணியார்டர் பணத்தை எண்ணிக் கொடுக்கும்போது, ஒவ்வொரு நோட்டையும் விரித்துக் காட்டுவார். கேட்காதவர்களிடமும் காட்டுவார். ஓய்வுபெறும்வரை அந்தப் பழக்கம் போகவில்லை.

சட்டமும் அரசும் இந்த நோயை அறியாதவை அல்ல. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் 507ஆம் பிரிவு இருந்தது. ஒருவரை மிரட்டுவது குற்றம். அதைப் பெயரை மறைத்துச் செய்தால், மிரட்டலுக்கான தண்டனையோடு 2 ஆண்டுவரை கூடுதல் சிறை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது தொடர்கிறது. மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 1999 ஜூன் மாதம் ஒரு சுற்றறிக்கை விட்டது: பெயரில்லாத, பொய்ப்பெயரில் வரும் புகார்கள் மீது நடவடிக்கை வேண்டாம், அப்படியே கோப்பில் சேர்த்துவிடுங்கள் என்று. நேர்மையான ஊழியர்களைத் துன்புறுத்த அவை பயன்படுகின்றன என்பதுதான் காரணம். அப்பா ஓய்வுபெற்றுப் பல வருஷம் ஆன பிறகு வந்த செய்தி. நாளிதழில் படித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒன்றும் பேசவில்லை.

அதற்காகப் பெயரை மறைக்கும் எவரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் தயாராக இல்லை. அதைக் கற்றுக்கொடுத்தது வாக்குச்சாவடி.

ஆசிரியர்களுக்குத் தேர்தல் வேலை தப்பாது. ஒரு சட்டமன்றத் தேர்தலில் நான் வாக்குச்சாவடித் தலைமை அலுவலர். விரலில் மை வைத்துக்கொண்ட ஒரு விவசாயக் கூலித் தொழிலாளி இயந்திரத்தின் பக்கம் போகாமல் என்னிடம் வந்தார். “சார், 49ஓ” என்றார், தாழ்ந்த குரலில். யாருக்கும் வாக்களிக்க விரும்பவில்லை என்று பதிவுசெய்ய அன்றைக்கு இருந்த ஒரே வழி அந்த விதிதான். 17ஏ பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே நான் குறிப்பு எழுத வேண்டும்; அதில் அவர் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும். எல்லாக் கட்சி முகவர்களும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவருடைய வயலில்தான் அவருக்கு வேலை. பேனாவை வாங்கிய அவர் கை நடுங்கியதைப் பார்த்தேன். ஒரு நிமிஷம் நின்றார். பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டு, “பரவாயில்ல சார்” என்று இயந்திரத்தை நோக்கிப் போய்விட்டார்.

2013 செப்டம்பர் 27ஆம் தேதி உச்ச நீதிமன்றம், யாருக்கும் வாக்களிக்காதவருக்கும் ரகசியம் உண்டு என்று சொல்லி, நோட்டா பொத்தானை வைக்கச் சொன்னது. தீர்ப்பைப் படித்தபோது அந்தக் கைதான் நினைவுக்கு வந்தது. வாக்கு இயந்திரத்தை மூன்று பக்கம் மறைத்த அட்டைக்குப் பின்னால்தான் ஒரு கூலித் தொழிலாளி மிராசுதாருக்குச் சமமாகிறார். அங்கே பெயர் மறைவது அநியாயம் அல்ல, நியாயத்துக்கு அதுதான் அடித்தளம்.

யோசித்துப் பார்த்தால் இப்படி இன்னும் உண்டு. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் சேலத்தில் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. பெற்றவள் தன்னை அடையாளம் காட்டாமலே தொட்டிலில் குழந்தையை விட்டுவிட்டுப் போகலாம். நீ யார் என்று கேட்காததாலேயே பிழைத்த உயிர்கள் அவை. சென்னையில் 1986 முதல் இயங்கிவரும் சிநேகா அமைப்புக்கு, சாக நினைக்கும் ஒருவர் பெயர் சொல்லாமல் தொலைபேசியில் பேசலாம். பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் பெயரை வெளியிடுவதே குற்றம் என்று 1983இலேயே சட்டத்தில் எழுதிவிட்டார்கள். தமிழாசிரியனாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். அகப்பாடலில் ஒருவருடைய பெயரையும் சுட்டக்கூடாது என்று தொல்காப்பியம் விதி செய்திருக்கிறது. அந்த மறைப்பு இருந்ததால்தான் தலைவியால் அவ்வளவு அந்தரங்கமாகப் பேச முடிந்தது. ஈராயிரம் ஆண்டு கழித்தும் படிப்பவர் அதைத் தன் நெஞ்சாகக் கேட்க முடிகிறது.

இவற்றுக்கும் என் கையால் எழுதிய கடிதத்துக்கும் என்ன வேறுபாடு? பல வருஷம் யோசித்து ஒரு உரைகல் கண்டேன். பெயரை மறைத்துக்கொண்டு ஒருவர் தன்னைப் பற்றிப் பேசினால், தன் விருப்பத்தை, தன் வலியைச் சொன்னால், அது நிழல். பெயரை மறைத்துக்கொண்டு பெயருள்ள இன்னொருவரைப் பற்றிப் பேசினால், அது ஆயுதம். நலம்விரும்பிக்கு மட்டும் முகம் கிடையாது. அக்காவுக்குப் பெயர், தெரு, வயது, ஜாதகம் எல்லாம் இருந்தன.

ஊழலைச் சொல்பவர் பிறரைப் பற்றித்தானே சொல்கிறார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சத்யேந்திர துபே என்ற இளம் பொறியாளர், தங்க நாற்கரச் சாலைப் பணியில் நடந்த முறைகேடுகளைப் பற்றிப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். தான் யார் என்பதைத் தெரிவித்துவிட்டு, அதை ரகசியமாக வைத்திருக்கும்படி கேட்டுக்கொண்டார். ரகசியம் காக்கப்படவில்லை. 2003 நவம்பரில் கயாவில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். அதன் பிறகு எழுந்த கொந்தளிப்பால்தான் 2004இல், புகார் சொல்பவர் தன் பெயரைக் கண்காணிப்பு ஆணையத்திடம் மட்டும் சொல்ல வேண்டும், ஆணையம் அதை யாருக்கும் வெளியிடக்கூடாது என்று ஏற்பாடு வந்தது. எனக்கு அது சரியான ஏற்பாடாகப் படுகிறது. உலகத்துக்குத் தெரிய வேண்டாம். பொறுப்புள்ள ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். துபே தன் சொல்லுக்குத் தன்னையே ஈடு வைத்தார். மாமா எதையும் வைக்கவில்லை.

இனி இன்றைய கதை.

நான் இப்போது தஞ்சாவூர் புறநகரில் இருக்கிறேன். எங்கள் குடியிருப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. தண்ணீர் வராத நாள், மின்தடை, பிறந்தநாள் வாழ்த்து என்று ஓடிக்கொண்டிருக்கும். சென்ற வருஷம் ஒரு இரவு அதில் ஒரு படம் வந்தது. பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் கல்லூரி மாணவியின் படம். யாரோ அவள் பெயரில் பொய்யாக ஒரு இன்ஸ்டாகிராம் கணக்கைத் தொடங்கி, அவள் படங்களைத் திருடிப் போட்டு, கீழே கூசாமல் எழுதியிருந்தார்கள். அதைப் படம்பிடித்து, “பெற்றோர்களே எச்சரிக்கை” என்று தலைப்பிட்டு இன்னொருவர் பரப்பியிருந்தார். மேலே ‘பலமுறை அனுப்பப்பட்டது’ என்ற குறி.

எங்கள் குழுவில் அதைப் போட்டவர் வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். கொரோனா காலத்தில் வீடுவீடாக மருந்து வாங்கிக் கொடுத்தவர். எவர் வீட்டில் சாவு என்றாலும் முதலில் வந்து நிற்பவர். காலையில் அவர் வீட்டுக்குப் போனேன்.

“ஏன் சார் இதைப் போட்டீங்க?”

“எனக்கு வந்துது, அனுப்பினேன். அந்தப் பொண்ணோட நல்லதுக்குத்தானே சார்?”

“யார் எழுதினதுன்னு தெரியுமா?”

“யார் எழுதினா என்ன? விஷயம்தானே முக்கியம்.”

எனக்குக் காலுக்குக் கீழே தரை நழுவியது. ஐம்பது வருஷத்துக்கு முன்னால், ஒருக்களித்த கதவுக்கு உள்ளே நான் கேட்ட அதே சொற்கள். அவர் மாமாவும் இல்லை, கெட்டவரும் இல்லை. அவர் நான்தான். வெறும் கை. 1974இல் ஒரு நலம்விரும்பிக்கு ஒரு கைதான் கிடைத்தது. இன்று ஒரு குழுவுக்கு நூற்று நாற்பது கைகள், ஒவ்வொன்றும் தன்னை வெறும் கை என்று நம்பிக்கொண்டிருக்கிறது.

அந்தக் கைகள் எதுவரை போகும் என்பதை நாம் பார்த்தாகிவிட்டது. 2018 மே மாதம், குழந்தை கடத்தும் கும்பல் சுற்றுகிறது என்று வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியால், திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர் அருகே, கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டியை ஊர்க்கூட்டம் அடித்துக் கொன்றது. வழியில் கண்ட குழந்தைகளுக்கு அவர் சாக்லேட் கொடுத்திருந்தார். அந்த வருஷம் நாட்டின் பல இடங்களில் இப்படி நடந்தபிறகுதான், வாட்ஸ்அப் நிறுவனம் பிறரிடமிருந்து வந்த செய்தி என்று குறியிட்டது. இந்தியாவில் ஒரே நேரத்தில் 5 பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்படுத்தியது. அந்த வதந்தியை முதலில் எழுதியவர் யார்? அதைப் போளூர்வரை கொண்டுவந்தவர்களுக்கு அந்தக் கேள்வியே தோன்றவில்லை.

எல்லோரும் உண்மைப் பெயரில்தான் எழுத வேண்டும் என்று சட்டம் போட்டால் தீர்ந்துவிடும் என்று நினைத்திருந்தேன். தென்கொரியா 2007இல் போட்டது. வசை அதனால் ஒழிந்துவிடவில்லை. 2011இல் அங்கே ஒரு பெரிய இணைய நிறுவனத்திலிருந்து சுமார் 3.5 கோடிப் பேரின் விவரங்கள் திருடு போயின. 2012 ஆகஸ்டில் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம், பேச்சுரிமைக்கு எதிரானது என்று அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. எங்கள் குழுவிலும் அத்தனை பேரும் உண்மைப் பெயரில்தான் இருக்கிறோம். அந்தப் படம் பெயரோடுதான் பரவியது.

அந்தப் பெண் வீட்டார் சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுத்தார்கள். விசாரணை நடக்கிறது. ஒருநாள் நூலகத்துக்குப் புத்தகம் மாற்ற வந்தவளிடம் பேசினேன்.

“தாத்தா, திட்டினதுகூடப் போகட்டும். அது யாருன்னு தெரியலையே. பஸ்ல பக்கத்துல உக்காருற பொண்ணா, கிளாஸ்ல நோட்டு கேக்குற பையனா, டீச்சரான்னுகூடத் தோணுது. யாரைப் பார்த்தாலும் இவங்களா இருக்குமோன்னு இருக்கு.”

முகம் தெரியாத ஒருவர் எழுதிவிட்டால், பார்க்கிற முகமெல்லாம் அவர் முகமாகிவிடுகிறது. அவளைத் திட்டியவர் ஒருவராக இருக்கலாம். அவள் இழந்தது ஊரில் உள்ள அத்தனை பேரையும்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுவாரம் திருச்சிக்குப் பஸ் ஏறினேன்.

அக்காவுக்கு எழுபது வயதாகிறது. உறையூரில் மகளோடு இருக்கிறார். நரைத்துவிட்டார், தையல் மெஷின் மட்டும் ஜன்னலோரம் அப்படியே இருந்தது. காபி கொடுத்தார். மகள் கடைக்குப் போன நேரத்தில் சொல்லிவிட்டேன். மாமா வீடு, புதுப் பேனா, இரண்டு பக்கக் கடிதம், நலம்விரும்பி, எல்லாம். சொல்லி முடித்தபோது என் குரல் போய்விட்டது.

அக்கா கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார்.

“அந்த ழகரம் எனக்குத் தெரியாதாடா? நான் போட்டுக் குடுத்த சுழியாச்சே.”

“அப்பவேவா?”

“கையில எடுத்த உடனே. கை உன்னுதுன்னு தெரிஞ்சுது. வார்த்தையெல்லாம் உனக்குத் தெரிஞ்ச வார்த்தை இல்ல. அது யாரோடதுன்னும் தெரிஞ்சுது. எங்கப்பாவுக்கும் அவருக்கும் கொல்லை வேலித் தகராறு அப்ப.”

“ஏங்க்கா யார்கிட்டயும் சொல்லலை?”

“சொல்லி? உங்கப்பா தெனம் எங்க வாசலுக்குத் தபால் கொண்டாந்தவரு. அவரு தலை குனியறதை நான் பார்க்கணுமா?” என்றார். பிறகு, “அழுதேன்டா. இல்லேங்கல. பதினோரு வருஷம் சும்மா இல்ல. ஆனா யாருன்னு தெரிஞ்சதால பொழச்சேன். தெருவுல மத்தவங்களை எல்லாம் எப்பவும்போலப் பார்க்க முடிஞ்சுது” என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அன்றைக்குக் கடிதத்தில் பெயர் இல்லை, ஆனால் கை இருந்தது. யார் எழுதியது என்று காவல்துறைக்குத் தெரியாது, அரசுக்குத் தெரியாது, பாதிக்கப்பட்டவருக்குத் தெரிந்தது. இன்று எல்லாம் தலைகீழ். எந்தக் கைப்பேசி, எந்த எண், எத்தனை மணி என்பதெல்லாம் எங்கோ ஒரு கணினியில் பதிவாகிறது. எழுதியவர் இயந்திரத்துக்குத் தெரிந்தவர். சட்டம் கேட்டால் சொல்லக்கூடும். பாதிக்கப்பட்டவருக்கு மட்டும் அவர் யாரென்று தெரிவதில்லை. கைப்பேசியில் எல்லோருடைய ழகரமும் ஒரே அச்சு. அதில் யாரும் யாருக்கும் போட்டுக் கொடுத்த சுழி இல்லை.

மறைந்துவிட்டோம் என்று நினைப்பது பொய். நாம் மறைவது நம்மை அடையாளம் கண்டு மன்னிக்கக்கூடிய அந்த ஒருவரிடமிருந்துதான். நான் ஒளிந்திருந்ததாக நினைத்த ஐம்பது வருஷமும் அக்கா என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். கேட்டிருந்தால் அன்றைக்கே மன்னித்திருப்பார்.

ஊருக்குத் திரும்பிய அன்று எங்கள் குழுவில் எழுதினேன். அந்தப் படம் பொய்க் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டது என்றும், சிறுவயதில் இப்படி ஒரு மொட்டைக் கடிதத்துக்கு நான் கை கொடுத்தேன், அதனால் ஒரு பெண்ணின் பதினொரு வருஷம் போனது என்றும் எழுதி, அடியில் என் முழுப்பெயரைப் போட்டேன். இரண்டு மணி நேரம் யாரும் பேசவில்லை. பிறகு வங்கிக்காரர் எழுதினார்: “நான் போட்டது தவறு. அந்தக் குடும்பத்திடம் நேரில் மன்னிப்புக் கேட்கிறேன்.” அவரும் அடியில் தன் பெயரை எழுதியிருந்தார். சாயங்காலம் அந்த வீட்டு வாசலில் அவர் நிற்பதைப் பார்த்தேன்.

இதைப் படிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களைப் பற்றிச் சொல்லப் பெயரை மறைக்க வேண்டியிருந்தால் மறைத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் உரிமை. இன்னொருவரைப் பற்றி ஒரு வரி எழுதினாலும், எவரோ எழுதியதை அனுப்பினாலும், அதற்கு முன் அதன் அடியில் உங்கள் பெயரை ஒருமுறை எழுதிப் பாருங்கள். எழுதக் கை கூசினால், அந்தச் செய்தி உங்களோடு நின்றுவிடட்டும்.